மொரீனின் அலமாரிக்குப் பின்னால்

பிரிஸ்பேனுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் இப்ஸ்விச் ஊரில் பாதிப் பேருக்கு நரேல் டிப்பிங்கின் முகம் தெரியாது, கால்தான் தெரியும். பழைய மரவீடு வாங்க வருகிறவர்கள் தோட்டத்தில் நின்று ஜன்னலையும் மாமரத்தையும் பார்த்து வாயைப் பிளந்துகொண்டிருக்கும்போது, வீட்டைத் தாங்கும் குத்துக்கால்களுக்கு நடுவிலிருந்து இரண்டு பூட்ஸ் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் நரேல். வயிற்றால் ஊர்ந்து போய் அடித்தளத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அரை மணி கழித்துத் தலைமுடியெல்லாம் சிலந்தி வலையோடு வெளியே வந்து, "வீடு நல்லாத்தான் இருக்கு, சமையலறைக்குக் கீழ மட்டும் ஒரு சங்கதி" என்று ஆரம்பிப்பாள். வாங்க வந்தவன் முகம் சுருங்கிப் போகும்.

நான் கோரல். பத்தொன்பது வருஷமாக அவளுக்குத் தொலைபேசி எடுப்பதும் அறிக்கை தட்டச்சு செய்வதும் நான்தான். அவள் போனில் பேசிப் பதிவு செய்து அனுப்புவாள், நான் கேட்டுக் கேட்டு அடிப்பேன். அதனால் ஒரு வீட்டுக்கு அடியில்கூடப் போகாமலே இந்த ஊரில் எந்த வீட்டுக்கு எங்கே வியாதி என்று எனக்குத் தெரியும். என் மாப்பிள்ளை வீட்டில் குளியலறை ஒழுகுவது என் மகளுக்குத் தெரிவதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்திருந்தது. நான் சொல்லவில்லை. தொழில் தர்மம்.

எங்கள் பக்கத்தில் பழைய வீடு வாங்குகிறவன் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்துக்கொள்வான். கட்டடமும் கரையானும் சோதித்துத் திருப்தியானால்தான் வாங்குவேன், இல்லையென்றால் விலகிக்கொள்வேன் என்று. அதற்குப் பதினான்கு நாள் தவணை. அதற்குள் ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். நாள் தாண்டினாலோ, திருப்தி என்று வக்கீலிடம் சொல்லிவிட்டாலோ முடிந்தது கதை. அப்புறம் வீடு இடிந்து தலையில் விழுந்தாலும் உன் தலை, உன் வீடு.

அறிக்கை நாற்பது பக்கம் வரும். ஜனங்கள் முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "பெரிய குறை எதுவும் இல்லை" என்ற வரியைத் தேடிப் பிடித்து நிம்மதியாகிவிடுவார்கள். நரேலுக்கு இது ஆகவே ஆகாது. வாங்குகிறவர்களைப் போனில் பிடித்துத் திட்டுவாள்.

"நான் பாத்தத அப்புறமா படிங்க. எத என்னால பாக்க முடியலன்னு ஒரு பக்கம் போட்டிருக்கேன் பாருங்க, அத மொதல்ல படிங்க."

அந்தப் பக்கம்தான் இந்தத் தொழிலின் உயிர்நாடி. சோதிக்கப் போகிறவள் வீட்டுக்காரன் சாமானைத் தொடக்கூடாது. கட்டிலை நகர்த்தக்கூடாது, கம்பளத்தைத் தூக்கக்கூடாது. சுவரை மறைத்து ஒரு பீரோ நின்றால், "பீரோ மறைத்துள்ளது, பார்க்க இயலவில்லை, நகர்த்தச் சொல்லி மறுபடி பார்க்கவும்" என்று எழுதிவிட்டு வர வேண்டியதுதான். அப்புறம் வாங்குகிறவன் பாடு. கெட்டிக்காரன் நகர்த்தச் சொல்லிக் கேட்பான். மற்றவன் பீரோவோடு சேர்த்துக் கரையானையும் வாங்குவான். கரையானுக்குப் பீரோவின் பின்புறம்போல் சுகமான இடம் வேறு கிடையாது. இருட்டு, அமைதி, யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள்.

இப்போது டெஸ்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்ல எனக்கு இஷ்டமில்லை, இருந்தாலும் அவன் இல்லாமல் நரேலின் கதை இல்லை.

டெஸ் ஹாலம் அவளுடைய கூட்டாளி. இருபத்திரண்டு வருஷம். கம்பெனி வண்டியில் அவன் பெயரும் அவள் பெயரும் சேர்ந்தே இருக்கும். அவன் ஏணி போட்டுக் கூரைக்குள் ஏறுவான், அவள் தரைக்கு அடியில் நுழைவாள். நடுவில் வீட்டுக்குள் சந்தித்து இருவருமாகச் சுவர்களைத் தட்டிக்கொண்டே போவார்கள். நுனியில் குண்டு வைத்த நீளக்கோல் ஒன்று வைத்திருப்பார்கள். மரம் திடமாக இருந்தால் ஒரு சத்தம், உள்ளே தின்றுபோயிருந்தால் வேறு சத்தம். அடுத்த அறையில் டெஸ் தட்டும் சத்தத்தைக் கேட்டே, "அங்க என்ன, ஜன்னலுக்குக் கீழயா?" என்று நரேல் குரல் கொடுப்பாள். சில புருஷன் பெண்டாட்டிக்குள் இந்த அளவு ஒற்றுமை கிடையாது. நரேலுக்கும் அவள் புருஷனுக்கும் நிச்சயம் இருக்கவில்லை. அவன் சுரங்க வேலைக்கு மக்காய் பக்கம் போனவன் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். போகட்டும், அவனைப் பற்றி எழுதக் காகிதம் வீண்.

அவன் போனபின் நரேல் வாடகை வீடுகளில் காலம் தள்ளினாள். ஊரெல்லாம் வீடு வாங்குவதற்கு வழி சொல்கிறவள், தனக்கென்று ஒரு கதவு இல்லாதவள். ஏழு வீடு மாறினாள். வாடகை வீட்டில் சுவரில் ஆணி அடிக்கக்கூட ஏஜென்ட்டுக்கு மனுப் போட வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அவன் ஆள் வந்து அடுப்பில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்ப்பான். ஐம்பத்தேழு வயதுப் பெண்மணி, சின்னப் பிள்ளைபோல் கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். "சாகறதுக்கு முன்னாடி என் சொந்தச் சுவர்ல தலைய முட்டிக்கணும்டி கோரல்" என்பாள். விளையாட்டாகத்தான் சொல்வாள். ஆனால் அதற்காகவே சேர்த்து வைத்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்குத் தெரியும்.

டெஸ்ஸின் மனைவி மொரீன். கேக் அலங்காரத்தில் ஊர்க் கண்காட்சியில் வருஷா வருஷம் பரிசு வாங்குகிறவள். சர்க்கரையில் ரோஜா செய்தால் தேனீ ஏமாந்து போகும். அவளுக்குப் புற்றுநோய் வந்தபோது வியாழக்கிழமை தோறும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனது நரேல். டெஸ் போகவில்லை. ஊசியைப் பார்த்தால் மயக்கம் வருமாம். கடைசி வாரம் மொரீனின் உதட்டை ஈரப்பஞ்சால் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததும் நரேல்தான். இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்த மனிதனுக்கு இவள் வெறும் கூட்டாளி இல்லை, அதற்கும் மேலே.

மொரீன் போய் இரண்டு வருஷத்தில் டெஸ்ஸுக்கு முட்டி போய்விட்டது. ஏணி ஏற முடியவில்லை. தொழிலை நரேலிடம் விட்டுவிட்டு, ரெட்கிளிஃப்பில் கடலோரம் இருக்கும் மகள் பக்கத்தில் சின்னதாக ஒரு அடுக்குமாடி வீடு பார்த்துப் போய்விடுவதாகச் சொன்னான். பந்து உருட்டும் கிளப்பில், வெள்ளிக்கிழமை, மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம்.

"பூவல் வீட்ட விக்கப்போறேன் புள்ள," என்றான் நரேலிடம். "ஏஜென்ட் எவன்கிட்டயும் போகல. மொதல்ல உங்கிட்டதான் சொல்றேன். மொரீன் இருந்தா அவளும் இதத்தான் சொல்லியிருப்பா."

நரேல் பீர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டாள். ஊரின் பூவல் பக்கத்தில் டெஸ்ஸும் மொரீனும் குடியிருந்த அந்த வீட்டை அவளுக்குத் தெரியும். முன் வராந்தா, உயரமான கூரை, காற்று நேராக ஓடும் நடை. பின்னால் மட்டும் பழைய வராந்தாவை அடைத்து, அதை ஒட்டித் தரையோடு கான்கிரீட் போட்டு ஒரு வெயில் அறை கட்டியிருந்தான் டெஸ். அவன் கொஞ்சம் இறக்கியே விலை சொன்னான். அவளுக்கு அது அன்பாகப் பட்டது. எனக்கும் அப்படித்தான் பட்டது, பொய் சொல்வானேன்.

ஒப்பந்தத்தில் சோதனை வரியைப் போட வைத்தது நான். "கூட்டாளின்னாலும் போடு" என்று பிடிவாதம் பிடித்தேன். டெஸ் சிரித்தான்.

"போடு போடு. யாரக் கூட்டிட்டு வரப்போற? நீயேதான் பாக்கணும். ஊர்ல உன்ன விட்டா வேற யாரு இருக்கா?"

சனிக்கிழமை காலை போனோம். நான் வேடிக்கை பார்க்கப் போனேன். நரேல் முழு உடுப்பில் வந்தாள். அடியில் நுழைந்து குத்துக்கால் ஒவ்வொன்றையும் பார்த்தாள். ஒவ்வொரு காலின் தலையிலும் தகரத் தொப்பி உண்டு. கரையான் மரத்துக்குள்ளேயே ஏறி மேலே போய்விடாமல், தொப்பியைச் சுற்றி வெளியே வந்து மண்தடம் போட வைக்க. தடம் ஒன்றும் இல்லை. பின்புறம் மட்டும் கான்கிரீட் வந்து மறித்ததால் அடியில் போக வழியில்லை. கூரைக்குள் அவளே ஏறினாள், டெஸ் ஏணியைப் பிடித்துக்கொண்டான். அதுவும் சுத்தம். அப்புறம் அறை அறையாகத் தட்டிக்கொண்டே வந்தாள். டங், டங் என்று நல்ல சத்தம்.

கடைசியாக வெயில் அறை. பழைய வீட்டின் பின்சுவரும் கான்கிரீட்டும் சேரும் இடம் அங்கேதான். கரையான் வந்தால் அந்த இடுக்கு வழியாகத்தான் வரும். இது எனக்கே தெரியும், தட்டச்சு அடித்தே தெரியும். அந்தச் சுவரை மறைத்துக்கொண்டு மொரீனின் கண்ணாடி அலமாரி நின்றது. சுவர் நீளத்துக்கு இருந்தது. உள்ளே கேக் கோப்பைகள், நீல ரிப்பன்கள், அவளுடைய கல்யாணப் பீங்கான் தட்டுகள். சுவரின் மறுபக்கம் சமையலறை அடுப்பும் ஓடு பதித்த சுவரும். அங்கிருந்தும் தட்ட முடியாது.

நரேல் அலமாரி ஓரத்தில் டார்ச் அடித்தாள். கை போகும் இடைவெளிகூட இல்லை. அவள் ஓரத்தில் கை வைத்தாள். அப்போது டெஸ் மூன்று கோப்பை டீயோடு வந்தான். அலமாரியைப் பார்த்தான், நரேலைப் பார்க்கவில்லை.

"அவ வெச்ச எடம். அவ போனதுலேருந்து ஒரு தட்டக்கூட நான் தொடல."

நரேல் கையை எடுத்துவிட்டாள். "இருக்கட்டும் டெஸ்" என்றாள். மூன்று பேரும் டீ குடித்தோம். மொரீனைப் பற்றிப் பேசினோம். டெஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

திங்கட்கிழமை பதிவு எதுவும் வரவில்லை. கேட்டேன்.

"அறிக்கை எங்கடி?"

"எனக்கு எதுக்குடி அறிக்கை? எல்லாம் மனசுல இருக்கு."

"பாக்க முடியாத பக்கத்துல என்ன போடணும்?"

"ஒண்ணுமில்ல. மொரீன் அலமாரிக்குப் பின்னாடி மட்டும்தான்."

"நகத்தச் சொல்ல வேண்டியதுதானே?"

"அவன் முகத்தப் பாத்து எப்படிடி சொல்றது? அதச் சொன்னா, நீ எதையோ மறைக்கிறன்னு சொன்ன மாதிரி ஆயிடாதா?"

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. மொரீனின் நீல ரிப்பன்கள் ஞாபகத்துக்கு வந்தன, விழுங்கிவிட்டேன். முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் "நகர்த்தச் சொல்லிக் கேளுங்கள்" என்று ஆயிரம் தடவை அடித்துக் கொடுத்த விரல் இது. அன்றைக்கு மட்டும் மடங்கிக்கொண்டது. மூன்றாம் நாளே வக்கீல் போன் செய்து சோதனை திருப்திதானா என்று கேட்டார். நரேல் திருப்தி என்றாள்.

வீடு கைக்கு வந்த நாள் காலை, காலி வீட்டில் நாற்காலிகூட இல்லாமல் தரையில் உட்கார்ந்து ரொட்டி சாப்பிடுவதாகத் திட்டம். நான் ரொட்டியும் வெண்ணெயும் எடுத்துக்கொண்டு போனேன். முன்கதவு திறந்து கிடந்தது. நரேல் வெயில் அறையில் நின்றுகொண்டிருந்தாள். அலமாரி போன இடத்தில் சுவர் பளிச்சென்று இருந்தது. அங்கே மட்டும் புது வெள்ளைப் பெயின்ட்.

"தட்டிப் பாத்தியா?" என்றேன்.

அவள் கோலை எடுக்கவில்லை. சுட்டுவிரலை நீட்டிச் சுவரை லேசாக அழுத்தினாள். அப்பளம் மாதிரி நொறுங்கி விரல் முழுக்க உள்ளே போய்விட்டது. எடுத்தபோது விரலோடு மண்ணும் வெள்ளை வெள்ளையாகக் கரையானும் வந்தன. உயிரோடு நெளிந்தன. பலகை என்று அங்கே எதுவும் இல்லை. பெயின்ட்தான் சுவராக நின்றுகொண்டிருந்தது.

அவள் தன் வேலையைப் பார்க்க ஆரம்பித்தாள். அழவில்லை, கத்தவில்லை. அன்று பகல் முழுக்க அந்தச் சுவரையும் அதன் மேல் உத்தரத்தையும், சமையலறைத் தரையைத் தாங்கும் கட்டையையும் உடைத்து உடைத்துப் பார்த்தாள். நான் டார்ச் பிடித்தேன். சாயங்காலம் சொன்னாள், வீட்டின் பின்பாதியை வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்று. சேர்த்து வைத்ததெல்லாம் வீட்டுக்கே போய்விட்டது, வெட்டிக் கட்ட மிச்சம் இல்லை.

"அவனுக்குத் தெரிஞ்சிருக்காதுடி," என்றாள். "அலமாரிய அவன் தொடவே இல்லையே."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "தொடாதவன் அதுக்குப் பின்னாடி எப்படிடி பெயின்ட் அடிச்சான்? மொரீன் வந்து அடிச்சாளா?"

"மொரீன் இருக்கும்போதே அடிச்சிருக்கலாம்."

கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்கிறவளுக்குப் புத்தி எங்கே போயிற்று? அவள் இன்னும் அவனுக்காக வாதாடிக்கொண்டு, சுவரின் அடியில் ஓடும் சட்டத்தைக் கத்தியால் சுரண்டினாள். பெயின்ட் உரிந்தது. உள்ளே சாண் சாண் இடைவெளியில் சின்னச் சின்ன வட்டங்கள் வரிசையாகத் தெரிந்தன. கத்தி நுனியால் ஒன்றைக் குத்தி வெளியே எடுத்தாள். தீக்குச்சித் துண்டு.

கரையான் கண்ட சுவரில் துளை போட்டு மருந்து செலுத்தினால் அப்புறம் துளையை அடைக்க வேண்டும். எல்லாரும் மக்கு என்கிற மரப்பசையை வைத்து அடைப்பார்கள். டெஸ் மட்டும் தீக்குச்சியைச் சொருகி மட்டமாக வெட்டி மேலே பெயின்ட் அடிப்பான். மக்கு சுருங்கிவிடும், குச்சி சுருங்காது என்பது அவன் சித்தாந்தம். இப்ஸ்விச்சில் அப்படிச் செய்கிற ஆள் அவன் ஒருவன்தான். நரேல் அந்தத் துண்டை உள்ளங்கையில் வைத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்டுபிடித்திருக்கிறான். மருந்து அடித்திருக்கிறான். மருந்து பிடிக்கவில்லை என்று தெரிந்ததும் பெயின்ட் அடித்து, அலமாரியை நகர்த்தி வைத்து, அதன் முன்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறான்.

வக்கீலைப் போய்ப் பார்த்தோம். நல்ல மனிதர், நேராகவே கேட்டார்.

"கரையான் வந்திருக்கா, மருந்து அடிச்சீங்களான்னு அவர்கிட்டக் கேட்டீங்களா?"

"இல்ல."

"அலமாரிய நகத்தச் சொன்னீங்களா?"

"இல்ல."

"கேட்டு அவர் பொய் சொல்லியிருந்தா நான் ஒரு கை பாக்கலாம். கேக்காதவங்களுக்குச் சொல்லணும்னு சட்டம் இல்லம்மா. அதோட நீங்க..." என்று நிறுத்தினார். நீங்களே சோதிக்கிறவர் ஆயிற்றே என்பதைச் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை.

அடுத்த ஞாயிறு ரெட்கிளிஃப் போனோம். போகாதே என்றேன், கேட்கவில்லை. அப்படியானால் நானும் வருவேன் என்று வண்டியில் ஏறிக்கொண்டேன். டெஸ் மகள் வீட்டுத் தாழ்வாரத்தில் அரைக்கால் சட்டையோடு உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். மகள் டீயும், தேங்காய்த்துருவலில் புரட்டிய லாமிங்டன் கேக்கும் கொண்டுவந்து வைத்துவிட்டுத் துணி உலர்த்தப் போனாள். நரேல் பையிலிருந்து தீக்குச்சித் துண்டை எடுத்துக் கேக் தட்டின் ஓரத்தில் வைத்தாள்.

டெஸ் அதைப் பார்த்தான். மறுக்கவில்லை. அதற்கு மட்டும் அவனைப் பாராட்டலாம்.

"நீதானே பாத்த புள்ள," என்றான். "வேற ஒருத்தர் வீடா இருந்தா அலமாரிய நகத்தாம நீ விட்டிருப்பியா?"

"வேற ஒருத்தர் வீடு இல்லையே டெஸ். உன் வீடு."

"நகத்துன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நகத்தியிருப்பேன்."

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "அடப்பாவி, அலமாரி முன்னாடி நின்னு பொண்டாட்டி பேரச் சொல்லி அழுதியே! அவளுக்கு ஈரப்பஞ்சு வெச்சது யாருடா?"

"நீ சும்மா இரு கோரல்," என்றாள் நரேல். அவனைப் பார்த்துக் கேட்டாள், "எதுக்கு டெஸ் எங்கிட்ட வித்த? யாருக்கு வேணாலும் வித்திருக்கலாமே. மொதல்ல எங்கிட்ட ஏன் வந்த?"

அவன் கடலைப் பார்த்தான். டீயை ஒரு வாய் குடித்தான்.

"மொதல்ல இல்ல," என்றான். "உனக்கு முன்னாடி ரெண்டு பேரு. பிரிஸ்பேன் பசங்க, கமுக்கமா வந்தாங்க. ரெண்டு பேரும் ஆள் கூட்டிட்டு வந்தாங்க. ரெண்டு ஆளும் அலமாரிய நகத்தச் சொன்னானுங்க. முடியாதுன்னேன், போயிட்டாங்க." அப்புறம் மெதுவாகச் சொன்னான், "நீ சொல்லமாட்டன்னு எனக்குத் தெரியும். எனக்கும் வேற வழி இல்ல புள்ள. அந்த வீடு போகலன்னா நான் இங்க வர முடியாது."

நம்ப வைத்துக் கழுத்தை அறுப்பது என்பார்கள். இவன் கழுத்தை நீட்டக்கூடியவள் யார் என்று ஊரெல்லாம் தேடி, கடைசியில் வீட்டுக்குள்ளேயே கண்டுபிடித்திருக்கிறான். நரேல் எழுந்துகொண்டாள். கைப்பையை எடுத்துக்கொண்டு படி இறங்கினாள். அப்போது அவன் பின்னாலிருந்து கூப்பிட்டான். கடவுள் சாட்சியாக நான் இதை இட்டுக்கட்டவில்லை.

"நரேல், நான் வாங்கப்போற அடுக்குமாடி வீடு இங்கதான், ரெண்டு தெரு தள்ளி. தவண வர்ற வெள்ளிக்கிழமையோட முடியுது. நீ ஒருதரம் வந்து பாத்துக் குடுப்பியா? இந்த ஊர் ஆளுங்க யாரையும் நம்ப முடியல."

நான் செருப்பைக் கழற்றியிருப்பேன். நரேல் படியில் நின்றபடியே திரும்பிப் பார்த்தாள்.

"புதன்கிழம வர்றேன்," என்றாள்.

வண்டியில் வரும் வழியெல்லாம் அவளைத் திட்டினேன். வெட்கம் இல்லையா, ரோஷம் இல்லையா, சூடு சொரணை எங்கே வைத்தாய் என்றெல்லாம் கேட்டேன். அவள் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தாள். கடைசியில், "அது என் வேலைடி" என்றாள். அவ்வளவுதான் பதில்.

புதன்கிழமை போனாள். போய்ப் பார்த்த விதம் இருக்கிறதே, அப்படி ஒரு சோதனையை இந்தப் பத்தொன்பது வருஷத்தில் நான் அடித்ததில்லை. விற்கிற அம்மாளிடம் கேட்டு ஒவ்வொரு பீரோவையும் சுவரை விட்டு நகர்த்த வைத்திருந்தாள். கரையான் வந்ததா, எப்போது, யார் மருந்து அடித்தார்கள் என்று கேட்டுப் பதிலை எழுத்தில் வாங்கியிருந்தாள். பார்க்க முடியாத பக்கத்தில் ஒரு வரிகூட இல்லை. வீடு கல்லுபோல் இருந்தது. குளியலறை ஓட்டில் ஒரு மயிரிழை விரிசல், அவ்வளவுதான்.

பதிவைக் கேட்டுவிட்டு நான் அவளைக் கூப்பிட்டேன்.

"ஒரே ஒரு வரி மாத்திடறேன்டி. சுவருக்குள்ள ஈரம்னு போடறேன். பயந்து ஓடட்டும். மக வீட்டுத் தாழ்வாரத்துலயே கெடந்து சாகட்டும்."

"வேண்டாம்."

"உன் வீட்டுப் பின்பாதி இப்ப பிளாஸ்டிக் ஷீட்ல நிக்குது. மழ வந்தா நீ எங்கடி போவ?"

"வீடு நல்லா இருக்கு கோரல். இருக்கறத அடி."

அடித்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தேன். வியாழக்கிழமை அனுப்பிவிட்டேன். நாற்பத்திரண்டு பக்கம்.

மூன்று வாரம் கழித்து டெஸ்ஸின் மகள் அறிக்கைக்கு நன்றி சொல்லிப் போன் செய்தாள். பாவம், அவளுக்கு எதுவும் தெரியாது. அப்பா சந்தோஷமாக இருக்கிறார், புது வீட்டில் அம்மா அலமாரியைக்கூட ஜன்னல் பக்கம் வைத்துவிட்டார் என்றெல்லாம் பேசிக்கொண்டே போனாள். குளியலறை விரிசலைப் பற்றி அவர் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"என்ன விரிசல்? அப்பா அதப் பிரிக்கவே இல்லையே. நரேல் பாத்துட்டா, இனி படிக்க என்ன இருக்குன்னுட்டு, வந்த அன்னிக்கே திருப்தின்னு கையெழுத்துப் போட்டுட்டார்."

அதை நான் நரேலிடம் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன். பூவல் வீட்டின் முன் வராந்தாவில் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தாள். ஒரு காலைக் கழற்றியவள் மறு காலைக் கழற்றவில்லை. சுவரில் விரல் போனபோது அழாதவள், வக்கீல் வீட்டிலும் ரெட்கிளிஃப் படியிலும் அழாதவள், அப்படியே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.